அலர்ட் அண்ணாச்சி பதில்கள்

என் பையன் ராத்திரி முழுக்க ஸ்க்ரீனையே முறைத்துக்கொண்டிருக்கிறான். கேட்டால் ‘செக்யூரிட்டி வேலை’ என்கிறான். வாசலில் நிற்கிற வேலையா?
– ஓர் அப்பா, தஞ்சாவூர்

வாசல் இல்லாத வீட்டுக்கு! யார் நுழைந்தார், எந்த ஃபைலைத் திறந்தார் என்று கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் ஓயாமல் எழுதிவைப்பதுதான் லாக். அதில் எது நடந்தால் அலர்ட் அடிக்க வேண்டும் என்று விதி எழுதுவதும், அடித்தது நிஜமா என்று பார்ப்பதும் அவன் வேலை. கம்பெனி அமெரிக்காவில் என்றால், பகல் அவர்களுக்கு, கண்விழிப்பு நமக்கு.

விதி என்றால் எப்படி இருக்கும்?
– கல்லூரி மாணவி, கோவை

9 மணிக்குக் கோவையில் லாகின் செய்தவர் 9.20-க்கு ருமேனியாவிலும் லாகின் செய்தால் அலர்ட். கேட்கப் பிரமாதம், பாதி நேரம் அவர் இருக்கும் ஊரை மாற்றிக் காட்டும் வி.பி.என். போட்டிருப்பார். சரி, வி.பி.என்.னை விட்டுவிடு என்று விதியைத் திருத்துவீர்கள். திருடனும் அதிலேயே வருவான்.

அத்தனை அலர்ட் அடித்தும் கொள்ளை போகிறதே, எப்படி?
– வங்கி ஊழியர், மதுரை

2013 நவம்பர் 30. அமெரிக்காவின் டார்கெட் கடைகளின் நெட்வொர்க்கில், திருடிய கார்டு விவரத்தை வெளியே கடத்தும் மென்பொருள் புகுந்ததும் ஃபயர்ஐ கருவி அலர்ட் அடித்தது. பெங்களூரில் இருந்த குழு பார்த்து, மினியாபொலிஸ் தலைமையகத்துக்குச் சொன்னது. அங்கே ‘உடனே கவனிக்க ஒன்றுமில்லை’ என்று முடிவு செய்தார்கள். போனது 4 கோடி கார்டுகளின் விவரம். உள்ளே வந்த வழி, குளிர்சாதன கான்ட்ராக்டரின் பாஸ்வேர்டு! நாய் குரைத்தது, பெங்களூருக்குக் கேட்டது, வீட்டுக்காரர் புரண்டு படுத்துவிட்டார். ஆனால் காக்காய்க்கெல்லாம் குரைக்கும் நாயை வளர்த்துவிட்டு, அவரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. பொய் அலர்ட்டைக் குறைக்காத இன்ஜினியரையும் சேர்த்துத் திட்டுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய மூளை வேண்டுமோ?
– வாசகர், நாகர்கோவில்

கணக்குப்பிள்ளை புத்தி போதும். 1986-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில், கம்ப்யூட்டர் உபயோகக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. ‘போனால் போகட்டும்’ என்று விடாமல், அங்கே வேலை பார்த்த கிளிஃபர்ட் ஸ்டோல் தோண்டிக்கொண்டே போனார். ஜெர்மனியில் உட்கார்ந்து, திருடிய தகவல்களைச் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.க்கு விற்றுக்கொண்டிருந்த ஹேக்கர் அகப்பட்டார். 2024-இல் மென்பொருள் இன்ஜினியர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டுக்கு உறுத்தியது, லாகினில் அரை விநாடி தாமதம். குடைந்தபோது, லினக்ஸில் பரவலாகப் புழங்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளுக்குள் யாரோ கள்ளவழி வைத்திருந்தது தெரிந்தது. சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

பையனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணுக்கு இந்த வேலைதான். ஒத்துவருமா?
– ஓர் அம்மா, திருநெல்வேலி

பையனுக்குக் காபி போடத் தெரியுமா? விடிகாலை ஷிஃப்ட் முடிந்து வருகிறவளுக்கு அது முக்கியம் தாயி. ஊடுருவல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2022-லேயே உத்தரவு வந்துவிட்டது. நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் அதில் கணக்கில்லை. தாலி கட்டும்போது மட்டும் போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அடித்தால் கொடுத்துவிடுங்கள்.