டி.சி. கேட்டு வருமுன்

கே: ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோர் சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். எப்படி நிறுத்துவது?
- தாளாளர், தூத்துக்குடி

ப: ஏப்ரலில் பேசி நிறுத்த முடியாது. மூன்றாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்குங்கள். உங்கள் பெற்றோர் கூட்டத்தில் ஒருநாள் ஓரமாக நின்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் படிக்கிறான், கொஞ்சம் கவனம் வேணும்." நாற்பது பேருக்கும் இதே வாக்கியம். இதைக் கேட்கவா அரை நாள் லீவு போட்டு வந்தார்கள்? "ரெண்டு வாரமா மத்தியானச் சாப்பாட்டை மிச்சம் வைக்கிறா, வீட்ல என்ன விஷயம்மா?" என்று ஒரு மிஸ் கேட்டால், அந்த அம்மா வேறு பள்ளி விண்ணப்பத்தை வாங்குமுன் பத்து முறை யோசிப்பார்.

கே: ஃபீஸ் பாக்கி இருந்தால் டி.சி.யைப் பிடித்து வைக்கலாமா?
- பள்ளி அலுவலர், மதுரை

ப: கூடாது. கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல அது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது. பணத்தைப் பற்றி அப்பாவிடம் தனியாகப் பேசுங்கள். பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்க வைக்காதீர்கள்.

கே: நாங்கள் இந்துக்கள். மகளைக் கிறிஸ்தவப் பள்ளியில் ஜெபத்தில் கலந்துகொள்ளச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

ப: தாராளமாக. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி, பெற்றோர் சம்மதமின்றிச் சிறுவர்களை வழிபாட்டில் பங்கேற்கச் சொல்லக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28(3)வது பிரிவு. பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை: காலையில் ஜெபம் உண்டு, கட்டாயமில்லை என்பதை அட்மிஷன் அன்றே சொல்லுங்கள். ஒளிக்காமல் சொல்கிற பள்ளியை மாற்று மதத்தவரும் நம்புவார்கள்.

கே: சபையாரே வேறு பள்ளிக்குப் போகிறார்கள். ஆயர் பிரசங்கத்தில் கண்டித்தால் என்ன?
- செயலாளர், நாகர்கோவில்

ப: பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று போகிறவரிடம் விசுவாசம் குறைந்துவிட்டது என்றால், அவர் சபையையும் மாற்றிவிடுவார். கணக்கு ஆசிரியரைக் கவனியுங்கள்.

கே: மிஷனரி பாரம்பரியத்தை எடுத்துச் சொன்னால் பெற்றோர் தங்குவார்களா?
- தலைமையாசிரியை, திருச்சி

ப: எந்தப் பாரம்பரியம் என்பதைப் பொறுத்தது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு, அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். மற்றவர்கள் படிக்க வைக்காத பிள்ளைகளைத் தேடிப் போன பாரம்பரியம் அது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்ட, ஒன்பதாம் வகுப்பிலேயே மெதுவாகப் படிக்கிறவன் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்புகிற பள்ளி, வாசலில் எவ்வளவு பெரிய ஃபிளெக்ஸ் கட்டினாலும் அந்த வரிசையில் சேராது. மற்றப் பெற்றோரும் இதைப் பார்க்கிறார்கள். நாளை நம் பிள்ளை மார்க் குறைந்தால் என்ன ஆகும் என்று அன்றிரவே வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். முதல் பெஞ்சுப் பிள்ளையின் பெற்றோருக்கும் அதனால் நிம்மதி.

கே: வருடா வருடம் ஆசிரியர்களே மாறும்போது பெற்றோர் எப்படி நிலைப்பார்கள்?
- ஒரு தந்தை, வேலூர்

ப: மாட்டார்கள். நிர்வாகம் புதுக் கட்டடத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தில் ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தட்டும்.