கோல் பிடிக்கும் கை

கேள்வி: சர்ச் பாடகர் குழுவை நடத்தும் என் மகள், சிம்ஃபனி நடத்துநர் ஆவேன் என்கிறாள். இந்தியாவில் பிறந்த பெண் யாராவது அப்படி இருக்கிறார்களா?
(வாசகி, நாட்றம்பள்ளி)

பதில்: இருக்கிறாரே! பண்டரிபுரத்தில் பிறந்து, தத்துப் பிள்ளையாக டென்மார்க்கில் வளர்ந்த மரியா பாட்ஸ்டூ ஐரோப்பிய இசைக்குழுக்களை நடத்துகிறார். விட்டலன் ஊர்க் குழந்தை, தாளம் சும்மா விடுமா!

ஆனால் பெண்களுக்கு இந்த வாசல் சுலபமாகத் திறக்கவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ஒரு பெண் நடத்துநராகக் கோல் பிடிக்க 1976 வரை ஆனது. பிடித்தவர் சாரா கால்டுவெல். ஓபராவில் கீழே வாத்தியக்காரர்கள், மேடையில் பாடகர்கள். இரு தரப்பையும் ஒரே கை சேர்த்துப் பிடிக்க வேண்டும். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று தெரிந்தவருக்கே அது கைகூடும். உங்கள் மகள் ஞாயிறுதோறும் பழகுவது அதைத்தான். பியானோவும் ஸ்கோர் வாசிப்பும் இப்போதே தொடங்கட்டும். கல்யாணப் பேச்சை மட்டும் நீங்கள் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்!