பசுவய்யாவும் ஒரு நகவெட்டியும்

கேள்வி: ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ எழுதிய சுந்தர ராமசாமி கவிதையும் எழுதினாராமே, நிஜமா?

பதில்: எழுதினார், ஆனால் வேறு பெயரில். பசுவய்யா! பெயரைக் கேட்டால் மாட்டுப் பொங்கல் மலருக்கு எழுதுகிறவர் என்றுதான் தோன்றும். 1959-ல் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ பத்திரிகையில் வந்த அவருடைய முதல் கவிதையின் தலைப்பு ‘உன் கை நகம்’. நிலா, தென்றல், காதலி என்று மற்றவர்கள் உருகிக்கொண்டிருந்த காலத்தில் இவர் நகத்தை வெட்டச் சொன்னார். நகத்துக்கடியில் சேரும் அழுக்குக்கும் கவிதையில் இடம் உண்டு என்று காட்டியதே பெரிய காரியம். முதல் தொகுப்புக்கு வைத்த பெயரும் சாதுவானதல்ல: ‘நடுநிசி நாய்கள்’.

அதற்கும் முன்னால் மொழிபெயர்ப்பு. பதினெட்டு வயதில்தான் தமிழே எழுதப் படிக்கக் கற்றார். சின்ன வயதில் கோட்டயத்தில் வளர்ந்தவர், மலையாளம் முந்திக்கொண்டது. கற்ற இரண்டே வருடத்தில் மலையாள எழுத்தாளர் தகழியின் ‘தோட்டியின் மகன்’ நாவலைத் தமிழாக்க உட்கார்ந்துவிட்டார். (நமக்கெல்லாம் ஐம்பது வயதிலும் ஒற்றெழுத்தில் தகராறு.) தகழியின் ‘செம்மீ’னையும் அவர்தான் தமிழுக்குக் கொண்டுவந்தார்; 1962-ல் சாகித்திய அகாதெமி வெளியிட்டது. சொந்த நாவலான ‘ஒரு புளியமரத்தின் கதை’ வந்தது 1966-ல்தான். என்னைக் கேட்டால், அந்த நாவலின் உரைநடைக்குப் பயிற்சிக்கூடம் தகழிதான்.

கவிதைகளைத் தேடுகிறீர்களா? நூலகத்தில் ‘107 கவிதைகள்’ என்று கேளுங்கள். அட்டையில் சுந்தர ராமசாமியைக் காணோம் என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.