வாத்து வேடமிட்ட உருளை

அமெரிக்க வாத்து வேட்டைக்காரர்கள் லாப்ரடார் நாய்க்குட்டிக்குப் பாடம் நடத்தும் அழகே தனி. வயலின் அந்தக் கோடியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் "ஹே, ஹே" என்று கத்தியபடி ஓர் உருளையை வானில் வீசுவார். பெயர் பம்பர்; பதவி வாத்து. அது விழுந்த இடத்தைக் குட்டி கண்ணாலேயே குறித்துக்கொண்டு, அதை எடுத்துவரப் பெயர் சொல்லி அனுப்பும்வரை அசையாமல் உட்கார வேண்டும்.

கண்ணில் பளிச்சென்று படத்தான் வெள்ளைப் பம்பர். ஆரஞ்சு நிறம் நாயின் கண்ணுக்குப் புல்லோடு புல்லாகக் கரைந்துவிடும். ஆரஞ்சுப் பம்பரை வீசிவிட்டு, "இதற்குப் பார்வை மந்தம்" என்று தீர்ப்பு எழுதும் எசமானர்கள் உண்டு.

குட்டி தடுமாறினால் உதவ வேண்டியவர் வீசியவர். எசமானர் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் அவரோ "இடப்பக்கம்! இன்னும் தள்ளி!" என்று வர்ணனை செய்வார். குட்டியும் தேடுவதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். பிறகு, "சொந்தமாக யோசிக்கவே மாட்டேன் என்கிறது" என்ற புகார் வரும்.

ஆசை தீருமுன் நிறுத்து என்பது பாலபாடம். ஆசை யாருடையது என்று தெளிவாகச் சொல்லாததால், எசமானர் தன் ஆசை தீரும்வரை வீசச் சொல்கிறார். குட்டி புல் மேயப் போய்விடுகிறது.

அமெரிக்கக் கென்னல் கிளப்பின் வேட்டைத் தேர்வில் குறித்தல், விடாமுயற்சி, பாங்கு, பயிற்சிக்கு இணங்குதல் ஆகிய நான்குக்கும் 10-க்கு மதிப்பெண் உண்டு. நான்கும் நாய்க்குத்தான். எசமானர் தேர்வு எழுதாமலே தேறிவிடுகிறார்.