ஐந்து ஆறு, பத்து உதை

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. நல்ல காரில் போகிறவர்கள் ஐந்து ஆறு என்று எண்ணுவார்கள். பழைய அம்பாசிடரில் போகிறவன் பத்து என்று எண்ணுவான். பாலத்தில் ஏறும்போது ஒரு உதை, இறங்கும்போது ஒரு உதை.

இதில் சதி ஒன்றும் இல்லை. பாலம் ஆழமான அஸ்திவாரத்தின் மேல் அசையாமல் நிற்கிறது. அதைத் தொடும் சாலையோ கொட்டி மேடாக்கிய மண்ணின் மேல் படுத்திருக்கிறது. நம்மூர்க் களிமண்ணின் குணம் தெரிந்ததே: மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மண் அமுங்க, பாலம் அப்படியே நிற்க, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி முளைக்கிறது. தார் போட்டு நிரவினாலும் சில வருஷத்தில் மறுபடி முளைக்கும்.

எங்கள் கார் பெரியப்பா வழியில் வந்தது. 1970களின் தொடக்கத்து மார்க் 2. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை வைத்துக் கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கிய வம்சம் அது; 2014 மே மாதம் அதன் உற்பத்தி நின்றது. செய்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் போட்ட பாகங்கள் கடமையை முடித்து எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன. அந்தக் காலியிடங்களில்தான் என் உடம்பு தற்காலிகப் பணியில் இருக்கிறது. தொகுப்பூதியம்கூடக் கிடையாது.

ஷாக் அப்சார்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் விழுந்தால் மடங்கி வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்கின் வேலை. வாங்கியதை அது திருப்பித் திருப்பிக் கொடுக்காமல் அடக்குவது ஷாக்கின் வேலை. ஷாக்கில் எண்ணெய் ஒழுகிப் போனால் அடக்க ஆளில்லை, வண்டி குதிரை மாதிரி தானாக நிற்கும்வரை குதிக்கும். பின்பக்கம் வேறு கதை. அங்கே ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொடுக்க வேண்டும். எங்கள் வண்டியில் அவை துருப்பிடித்து ஒற்றுமையாகிவிட்டன. கூட்டுக்குடும்பம் என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆனால் பின்சீட்டில் உட்காரும் என் மனைவி அதை ரசிப்பதில்லை.

உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு ஒரு பலவீனம் உண்டு. விநாடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழும் அசைத்தால் அதற்குக் கொண்டாட்டம். சீட் ஆடுவதைவிட உடம்பு அதிகமாக ஆடும். முதுகுத் தசைகள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகும். “சும்மா உட்கார்ந்துதானே வந்தீங்க?” என்று கேட்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர்க்காரன் என்பதால் தலையாட்டி பொம்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பொம்மைக்கு இடுப்பு வலிப்பதில்லை.

சீட் இன்னும் மோசம். தேங்காய் நாரும் கம்பிச் சுருளும் காலத்தோடு அமுங்கி, முழங்கால் மேலே, இடுப்பு கீழே என்றாகிவிட்டது. இப்படி உட்கார்ந்தால் கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகி, எலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுகளில் அழுத்தம் ஏறும். பவர் ஸ்டீயரிங் இல்லாததால் தோளுக்கும் வேலை உண்டு. வண்டி ஓடும்போது தெரியாது. கும்பகோணத்துக் கடைத்தெருவில், பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்க, நின்ற இடத்தில் திருப்பினால்தான் தெரியும்.

ஒரு தை மாதம் திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போனோம். சம்பா அறுவடை நேரம். சாலையில் பாதி நெல் காய்ந்துகொண்டிருந்தது, ஓரத்தில் கல் வரிசை. நெல்மேல் சக்கரம் ஏற்றுவதற்கு மனசு வராது. மிச்சப் பாதியில், எதிரே டிராக்டர் வர, மண்ணில் இறங்கி ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தோம். பஞ்சரத்னம் தொடங்கிவிட்டது. நாட்டை ராகத்துக்குத் தரையில் உட்கார்ந்தேன். கௌளையில் ஒரு கையை ஊன்றினேன். ஆரபியில் இரண்டு கையும். என் உடம்பில் பாலங்களின் ஆட்டம் இன்னும் அடங்கவில்லை. “நல்ல ஞானஸ்தர் போல” என்று பக்கத்துப் பெரியவர் தன் மனைவியிடம் சொன்னார். வராளியில் நான் எழுந்து போய்த் தூணில் சாய்ந்தபோது, உருக்கம் தாங்கவில்லை என்றே நினைத்திருப்பார்.

எலும்பு டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, “வண்டியை மாத்துங்க சார்” என்றார். மெக்கானிக் பாயிடம் சொன்னேன். அவர் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டாமலே, “டாக்டரை மாத்துங்க சார்” என்றார். பிறகு அவரே வெளியே வந்து, எனக்கு எங்கெங்கே வலிக்கும் என்று வரிசையாகச் சொன்னார். படம் எதுவும் பார்க்கவில்லை. “ஸ்டீயரிங்கில பிளே இருக்கு, வலது தோள். கிளட்ச் கெட்டி, இடது முட்டி. சரியா?” சரிதான். புஷ், ஷாக், பட்டை செட் என்று அவர் போட்ட எஸ்டிமேட்டைக் கேட்டதும் நெஞ்சிலும் லேசாக வலித்தது.

“பணம் வர்ற வரைக்கும் ஒரு வழி இருக்கு” என்றார் பாய். துண்டைச் சுருட்டி, முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே இடுப்பின் உயரத்தில் கொடுக்க வேண்டும். டாக்டரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தார். அவர் சொன்ன குஷனுக்கு விலை இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனதால் செய்து பார்த்தேன். பாதி வலி போயிற்று.

பெரியப்பா காலத்தில் இந்தக் கார் தெருவுக்குள் நுழைந்தால், வயலிலிருந்து வருகிறவர்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்களாம். எடுக்காதவர்களை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வாராம். அவர்களுடைய பேரன்கள் இப்போது பவர் ஸ்டீயரிங் வண்டியில் என்னை முந்திப் போகிறார்கள், தோளில் துண்டோடு. இந்தக் காருக்காகத் துண்டை இடுப்புக்கு இறக்குகிறவன் எங்கள் ஊரில் இன்று நான் ஒருவன்தான்.