ஓய்வறியா ஓய்வூதியர்

விடியற்காலையில் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா வாசலில் நின்றால் நம்மவரைப் பார்க்கலாம். பேத்தி வேண்டாமென்று ஒதுக்கிய டி-ஷர்ட், நியூஜெர்சியிலிருந்து மகன் வாங்கி வந்த ஷூ, மார்கழி என்றால் குரங்குக் குல்லா. கேட் திறக்கும் முன்பே வந்து, "என்னப்பா, இன்னும் திறக்கலையா?" என்று காவலாளியை அதட்டுவார். சர்வீசில் இருந்தபோது பத்து மணி ஆபீசுக்குப் பத்தே முக்காலுக்கு வந்த மனிதர்.

துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற தேதியைக் கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். 2020 ஏப்ரல் 30. ஊரடங்குக் காலம் என்பதால் மாலை இல்லை, பாராட்டு விழா இல்லை, ஆபீஸ் ஜீப்பில் வீடுவரை கொண்டுவந்து விடவும் ஆள் இல்லை. அதுகூடப் போகட்டும். ஒரே வாரத்தில் தமிழக அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது, அடுத்த வருஷம் 60. இந்தக் கதை பூங்காவில் இரண்டு சுற்றுக்கு வரும். புது ஆள் யாராவது கூடச் சேர்ந்தால் மூன்று சுற்று.

பூங்காவின் பெயரும் சும்மா அமைந்ததல்ல. காசிநாதுனி நாகேஸ்வர ராவ், 1893-ல் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கியவர். முட்டிவலிக்காரர்கள் இத்தனை பேர் தினமும் சுற்றி வருவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

கைக்கடிகாரம் பத்தாயிரம் அடி முடிந்ததென்று அதிரும்வரை நம்மவர் வீடு திரும்புவதில்லை. இந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965-ல் ஜப்பானின் யமாசா கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அதற்குப் பத்தாயிரத்தையே பெயராக வைத்தது. விளம்பரம் நாளடைவில் விதியாகிவிட்டது. ஹார்வர்டின் ஐ-மின் லீ குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வோ வேறு கணக்குச் சொல்கிறது. சராசரி வயது 72 உள்ள பெண்களில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவு. சுமார் 7,500 அடிக்குமேல் நடந்தாலும் கூடுதல் பலன் தெரியவில்லை. பேத்தி இதைப் படித்துக் காட்டினாள். "அது லேடீஸ் கணக்கும்மா" என்று தள்ளுபடி செய்துவிட்டார். மனுவைத் திருப்பி அனுப்புவதில் முப்பது வருஷப் பழக்கம்.

கடிகாரம் அரிச்சந்திரனும் அல்ல. கை வீச்சை வைத்துத்தான் அது அடியை ஊகிக்கிறது. நடப்பதையும் வாதாடுவதையும் எப்போதும் அதனால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்தின் அருமையை இரண்டு கைகளாலும் விளக்கினால் எண்ணிக்கை ஏறுகிறது. காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு கை ஆடாமல் நடந்தால் ஏற மாட்டேன் என்கிறது. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் காய் வாங்கப் போவதில்லை. வீட்டம்மாவுக்கு அந்தக் கடிகாரத்தையும் வாங்கி வந்த அமெரிக்க மகன்மேல்கூடக் கொஞ்சம் வருத்தம்தான்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. திங்கட்கிழமை அதிகமாக நடந்ததை ஞாயிற்றுக்கிழமைக்கு வரவு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டார். வாரக் கணக்குத்தானே, தாராளமாக என்றார் டாக்டர். ஈட்டிய விடுப்பு மாதிரி என்று நம்மவருக்குப் பரம திருப்தி. 65 வயது தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதுதான் நம்மவர் முகம் இறுகியது. "எனக்கு இன்னும் 65 ஆகலை சார். அந்த உத்தரவு எனக்குப் பொருந்தாது."

ஆனால் அரசாணை என்றால் தனி மரியாதை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியதும், முதல் வாரமே பெசன்ட் நகருக்குப் போய் முழு தூரத்தையும் நடந்தார். வரும்போது ஆட்டோ.

அவருடைய கோஷ்டியில் வங்கி மேலாளராக இருந்த ஒருவர் சைக்கிள் கட்சி. ஞாயிறு விடியுமுன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போய்த் திரும்பி, போன தூரத்தை இட்லி வடையில் வசூலித்துவிடுவார். கியர் சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்று அவர் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தார். "ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெல் இல்லை. எல்லாத்தையும் கழட்டிட்டு எதுக்குங்க இவ்வளவு விலை?" அம்பத்தூர் ஹெர்குலிஸில் டைனமோ வைத்து, பின்னால் அரிசி மூட்டை கட்டி வந்த காலத்தைப் பார்த்தவர் கேட்கிற கேள்வி. இன்றுவரை பதில் இல்லை.

வங்கிக்காரரின் ஆதர்சம் பிரான்சின் ரோபேர் மர்ஷான். 2017 ஜனவரியில், 105 வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். கடைசிப் பத்து நிமிஷ அறிவிப்பு கண்ணில் படவில்லை, பட்டிருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பேன் என்று பிறகு குறைப்பட்டுக்கொண்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் வங்கிக்காரருக்குத் தொண்டை அடைக்கும்.

ஓடுகிறவர் கோஷ்டியில் ஒருவர்தான். கனடாவின் எட் விட்லாக், 72 வயதில் 3 மணி நேரத்துக்குள் மராத்தானை முடித்தவர், வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தையே மணிக்கணக்காகச் சுற்றி ஓடிப் பயிற்சி எடுத்தார் என்று அவர் ஒருநாள் சொல்லப்போக, "காலங்கார்த்தால பேசற பேச்சா சார் இது?" என்று மொத்தப் பெஞ்சும் சீறியது. அதிலிருந்து அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்.

பவுஜா சிங்கை மட்டும் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். 89 வயதில் லண்டனில் முதல் மராத்தான். 2011-ல், நூறு வயதில், டொராண்டோவில் எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு முழு தூரத்தையும் முடித்தார். கின்னஸ்காரர்களோ அதைப் பதிவு செய்யவில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் 1911 என்று இருந்தது, ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவர் பிறந்த காலத்துப் பஞ்சாப் கிராமத்தில் அதை யார் எழுதி வைத்தார்கள்?

"அநியாயம் சார்!" என்று வங்கிக்காரர் கொதித்தார். "நூறு வயசுல ஒரு மனுஷன் 42 கிலோமீட்டர் ஓடியிருக்கார், இவனுங்க காகிதம் கேக்கறானுங்க."

நம்மவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"கேக்கத்தான் செய்வாங்க. வெறும் பாஸ்போர்ட்டை நீட்டினா ஆச்சா? லேட் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கே. வி.ஏ.ஓ. கிட்ட விசாரணை ரிப்போர்ட் வாங்கி, ஆர்.டி.ஓ. உத்தரவு போட்டு, அப்புறம் வரச் சொல்லுங்க, பார்க்கலாம்."