பின்பக்கமாக முன்னேறுங்கள்

கொல்கத்தா மினிபஸ்ஸில் எங்கே நிற்பது என்பது பயணியின் கையில் இல்லை. ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருக்கும் கண்டக்டர், “பேச்சோன் திகே எகியே சோலுன்” என்று குரல் கொடுப்பார். பின்பக்கமாக முன்னேறுங்கள் என்று அர்த்தம். ஊருக்குப் புதியவன் எந்தப் பக்கம் நகர்வது என்று திகைத்து நிற்பான். உள்ளூர்க்காரர்கள் அரை அங்குலம் அசைந்துவிட்டு, முன்னேறிவிட்ட முகத்தோடு ஜன்னல் வழியே கரியாஹாட்டைப் பார்ப்பார்கள்.

என் கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு கண்டக்டர் இருக்கிறார். ஈமாக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் அவருக்கு வேலை. பெயர் டிஸ்ப்ளே-பஃபர். உதவிப் பக்கமோ, கம்பைல் பிழையோ, தேடல் முடிவோ, புதிதாக எது வந்தாலும் திரையில் எங்கே உட்கார வைப்பது என்று அவர்தான் தீர்மானிக்கிறார்.

அவருடைய பேருந்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஈமாக்ஸ் 1976-ல் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் புதிதாக எழுதிய குனூ ஈமாக்ஸ் 1985-ல் வந்தது. மவுஸும் வண்ணத்திரையும் வீடுகளில் சகஜமாவதற்கு முன்பே ஈமாக்ஸ் தன் திரையைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறுக்கும் விண்டோ என்று பெயர் வைத்துவிட்டது. பிறகு உலகம் வேறொன்றை விண்டோ என்று அழைக்கத் தொடங்கியபோது, மூத்தவர் பெயரை விட்டுக்கொடுப்பாரா? வந்ததற்கு ஃப்ரேம் என்று பெயர் சூட்டினார். ஆகவே ஊரார் விண்டோ என்பது இவருக்கு ஃப்ரேம். அதற்குள் இருக்கும் பாகங்கள்தான் விண்டோ. அதில் தெரிகிற எழுத்து, பஃபர். முதல் வாரம் கொஞ்சம் தலை சுற்றும். அப்புறம் ஊரார்தான் தப்பாகச் சொல்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

கண்டக்டரிடம் சட்டம் உண்டு. கேட்ட பஃபர் ஏற்கெனவே எங்காவது தெரிந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ஒரு விண்டோவைப் பிளக்க வேண்டும். உயரம் 80 வரி இருந்தால் மேல்-கீழாகப் பிளக்கலாம். அது இல்லாமல் அகலம் 160 எழுத்து இருந்தால் பக்கவாட்டில் பிளக்கலாம். இரண்டுமே இல்லை, ஆனால் ஃப்ரேமில் இருப்பதே ஒரே ஒரு விண்டோ என்றால், போனால் போகிறது, மேல்-கீழாகவே பிளந்துகொள். படிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது.

வேலைக்குப் போனால் தெரியும். சால்ட் லேக் செக்டர் ஃபைவில் என் மேஜை மானிட்டர் அகலம். அங்கே உதவி கேட்டால் வலப்பக்கம் வந்து நிற்கும். லேக் கார்டன்ஸில் வீட்டு லேப்டாப் குறுகல். அதே உதவி கீழே சம்மணம் போட்டு உட்காரும். அலுவலகத்தில் ஒருவர் மானிட்டரை நிமிர்த்தி நெட்டுக்குத்தாக வைத்திருக்கிறார். அதில் 80 வரியைத் தாண்டிவிடுவதால் அகலத்தை யாரும் கேட்பதே இல்லை, மேல்-கீழ்தான். ஒரே எடிட்டர், ஒரே கட்டளை. பகலெல்லாம் வலது பக்கம் திரும்பிப் பழகிய கழுத்து, ராத்திரி வெறும் சுவரைப் பார்க்கும்.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா, லேக் மார்க்கெட்டில் அரைத்து வாங்கிய பொடியில் போட்ட காப்பியுடன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “ஏன்டா, எதையும் முழுசாப் பாக்க மாட்டியா? எல்லாம் பாதி பாதியா இருக்கே” என்றாள். 80, 160 என்று விளக்கினேன். “ரத்த அழுத்தமா?” என்று கேட்டாள்.

பிளக்க இடமே இல்லாதபோதுதான் கண்டக்டரின் சுயரூபம் தெரியும். அதிக நேரம் நீங்கள் தொடாத விண்டோ எதுவோ, அதில் இருப்பவரை எழுப்பிவிட்டுப் புதியவரை உட்கார வைப்பார். பக்கத்தில் ஒரு கோப்பைத் திறந்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தானே இந்தப் பக்கம் எழுதுகிறோம்? கண்ணால் பார்ப்பது அவர் கணக்கில் சேராது. கர்சர் போனால்தான் போனது. ஆக, மிகவும் தேவையானதே தூங்குமூஞ்சி என்று கருதப்பட்டு முதலில் எழுப்பப்படும்.

உதவி விண்டோவின் கதை இதைவிட நயமானது. அதை மூட ‘க்யூ’ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினால் போதும். ஆனால் இயல்பான அமைப்பில், உதவி வந்து உட்கார்ந்தாலும் கர்சர் பழைய இடத்திலேயே நிற்கும். நாம் உதவியைப் படித்துவிட்டு, மரியாதையாக ‘க்யூ’ தட்டுவோம். உதவி நகராது. நிரலின் நடுவில் ஒரு ‘க்யூ’ போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் குழுவில், அனாதையாக ஒரு ‘க்யூ’ நிற்கும் வரியைப் பார்த்தால் யார் எழுதியது என்று விசாரிப்பதில்லை. ஹெல்ப்-விண்டோ-செலக்ட் என்ற அமைப்பை மாற்றினால் கர்சர் உதவியோடு போய்விடும். முதல் நாளே மாற்ற வேண்டியது இது.

இதற்கெல்லாம் மாற்று வழி என்று சிலர் பாப்-அப்-ஃப்ரேம்ஸ் என்பதை இயக்கச் சொல்வார்கள். ஆளுக்கொரு ஃப்ரேம். இடத் தகராறு இராது என்பது வாதம். இராதுதான். ஒரு கோப்பின் பெயரில் பாதியைத் தட்டி டாப் விசையை அழுத்தினால், ‘இவற்றில் எது?’ என்று கேட்கிற சிறு பட்டியல்கூடத் தனி ஃப்ரேம் எடுத்துக்கொண்டு திரையின் நடுவே குதிக்கும். நின்றுகொண்டிருந்த பயணி ஒவ்வொருவருக்கும் ஒரு பஸ் கொடுத்தால் ராஷ்பிஹாரி சந்திப்பு என்ன ஆகும்?

கண்டக்டரை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அசல் மினிபஸ் கண்டக்டர் இடம் எங்கே காலி என்று மட்டும் பார்ப்பதில்லை. “கோதாய் நாம்பென், தாதா?” என்று, எங்கே இறங்குகிறீர்கள், அண்ணா என்று கேட்கிறார். அடுத்த நிறுத்தத்தில் இறங்குபவர் கதவருகே, கடைசி வரை போகிறவர் உள்ளே. ஈமாக்ஸ் கண்டக்டர் இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்பதில்லை. பதிலை நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். 2012-ல் வந்த 24-ஆம் பதிப்பில் அதற்கென்றே ஒரு பட்டியல் வந்தது: டிஸ்ப்ளே-பஃபர்-அலிஸ்ட். இன்ன பெயரில் வருபவருக்கு இன்ன இடம், இவ்வளவு உயரம் என்று எழுதலாம். நான் 80-ஐயும் 160-ஐயும் தொடவில்லை. கம்பைல் பிழையும் தேடல் முடிவும் சீக்கிரம் இறங்குபவர்கள். திரையின் அடியில், உயரத்தில் முப்பது சதவீதம். உதவிப் பக்கம் கொஞ்ச நேரம் இருப்பார். எந்தத் திரையானாலும் வலப்பக்கச் சுவரோரம். ஷெல் கடைசி நிறுத்தம் வரைக்குமானது. இருக்கிற விண்டோவிலேயே முழுதாக உட்காரட்டும். இப்போது செக்டர் ஃபைவிலும் லேக் கார்டன்ஸிலும் கழுத்து ஒரே பக்கம்தான் திரும்புகிறது.

லேடிஸ் சீட்டும் உண்டு. ஒரு விண்டோவை இன்ன பஃபருக்கே என்று ஒதுக்கிவிட்டால் கண்டக்டர் அங்கே வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டார். 30-ஆம் பதிப்பில் இதற்கு விசையே இருக்கிறது: கண்ட்ரோல்-எக்ஸ், டபிள்யூ, டி. பார்த்து எழுத வேண்டிய கோப்பை இப்படி ஒதுக்கிவிட்டு, “ஆஸ்தே லேடிஸ், கோலே பாச்சா” என்று மனசுக்குள் ஒரு குரல் கொடுத்துக்கொள்வேன். இறங்குவது பெண்மணி, இடுப்பில் குழந்தை, மெதுவாக நிறுத்து என்று டிரைவருக்குச் சொல்வது அது. ஒதுக்கீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

யாருக்கும் அடங்காத பயணி ஒருவர் மட்டும் பாக்கி. ஈமாக்ஸுக்குள்ளேயே வேலைப் பட்டியல் வைத்துக்கொள்ள உதவும் ஆர்க்-மோடின் அஜெண்டா. இன்றைக்கு என்ன வேலை என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஃப்ரேமையே திருத்தி அமைப்பது அவர் சுபாவம். அமைப்பின் பெயரே ‘ரீஆர்கனைஸ்-ஃப்ரேம்’. நாம் இருக்கும் விண்டோவைத் தவிர மற்ற எல்லோரையும் எழுப்பிவிட்டுத்தான் உட்காருவார். அதை ‘கரண்ட்-விண்டோ’ என்று மாற்றிய பிறகு இருக்கிற இடத்தில் உட்கார்ந்து, முடிக்காத வேலைகளை அடக்கமாக வாசிக்கிறார்.

என் பட்டியலைப் பக்கத்து மேஜை தாதாவிடம் காட்டினேன். பல வருஷமாக விம் என்ற இன்னொரு எடிட்டரின் ஆசாமி. உருட்டிப் பார்த்துவிட்டு, “இத்தனை வரியா? விம்மில் ஸ்ப்ளிட் என்று அடி, பிளக்கும். முடிந்தது. அமைப்பு, கிமைப்பு எதுவும் வேண்டாம்” என்றார். விம் இயல்பில் புதியதை மேலேயும் இடப்பக்கமும்தான் திறக்கும். ஆனால் அவர் திரையில் அது கீழே திறந்தது. அவருடைய அமைப்புக் கோப்பான விம்ஆர்சியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். முதல் இரண்டு வரி: ஸ்ப்ளிட்பிலோ, ஸ்ப்ளிட்ரைட்.

“இது என்ன தாதா?”

“அது விம் வரும்போதே வந்தது” என்றார், டீ சொல்ல எழுந்துகொண்டே.